போடியும் தேனியும்: அரவிந்தில் எங்கள் வீட்டின் இருபது வருடம்

அப்பத்தாவைக் கண் முகாமுக்குக் கூட்டிப்போனது 2004-இல். பள்ளிக்கூடத் திண்ணையில் வரிசையாக உட்காரவைத்துப் பார்த்தார்கள். புரை முற்றிவிட்டது என்று தெரிந்ததும் அன்றைக்கே பஸ்ஸில் ஏற்றித் தேனி அரவிந்த் கண் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். ஆபரேஷன், லென்ஸ், சாப்பாடு, திரும்பக் கொண்டுவந்து விட்டது, எதற்கும் காசு வாங்கவில்லை. கறுப்புக் கண்ணாடியோடு வந்திறங்கிய அப்பத்தா வீட்டுக்குள் நுழைந்ததும் கேட்டது: "ஏன்டா, வீட்டுல இம்புட்டு ஒட்டடையா?"

1976-இல் டாக்டர் வெங்கடசாமி அரசு வேலையிலிருந்து ஓய்வு பெற்று, 58 வயதில், மதுரையில் 11 படுக்கையோடு ஆரம்பித்தது இது. முடக்குவாதத்தில் கோணிப்போன விரல்களோடுதான் அவர் கத்தி பிடித்தார். பணம் கட்டுகிறவர்களின் வருமானத்தில் இலவசப் பிரிவும் நடக்கிறது. டாக்டர்கள் இரண்டு பக்கமும் மாறி மாறி வருவார்கள். கண்ணுக்குள் வைக்கும் லென்ஸை 1992 முதல் ஆரோலேப் என்ற தங்கள் தொழிற்கூடத்தில் தாங்களே செய்துகொள்வதால் அந்தச் செலவும் குறைந்தது. இதெல்லாம் பலர் எழுதியாயிற்று.

எனக்குப் பெரிதாகப் படுவது ஆபரேஷன் இல்லை, போடியில் இருக்கும் அரவிந்தின் விஷன் சென்டர். சின்ன இடம்தான். டாக்டர் கிடையாது. பயிற்சி பெற்ற சிஸ்டர்கள் பவர் பார்த்து, தாடையைக் கருவியில் வைக்கச் சொல்லிக் கண்ணைச் சோதித்து எல்லாவற்றையும் கம்ப்யூட்டரில் ஏற்றுவார்கள். அப்புறம் பெரிய ஆஸ்பத்திரியில் இருக்கும் டாக்டர் திரையில் வந்து பேசுவார். "டாக்டரே இல்லாத எடத்துல என்னத்தப் பாக்கப் போறாக" என்று அப்பா முதலில் வரவே மறுத்தார். இப்போது பக்கத்து வீட்டுக்காரர்களையும் அவர்தான் இழுத்துக்கொண்டு போகிறார்.

எங்கள் பக்கம் விடியும் முன்பே ஜீப்பில் ஏலத்தோட்டத்துக்கு மலையேறுகிறவர்கள் அதிகம். கண் மங்கினால் அவர்களை யோசிக்க வைப்பது வைத்தியச் செலவு மட்டும் இல்லை. தேனி போனால் ஒரு நாள் கூலி போச்சு, துணைக்கு வருகிறவரின் கூலியும் போச்சு. போடியிலேயே பார்த்துவிட்டால் தோட்டத்துக்கு லீவு போட்டுத் துணைக்கு ஒருவர் வர வேண்டியதில்லை. ஆபரேஷனோ லேசரோ வேண்டும் என்றால் மட்டும் தேனி.

என் கதைக்கு வருகிறேன். 2015-இல் சர்க்கரை வந்தது. அதற்கு முன்னும் பின்னும் ஒரு கண்ணாடிக் கடையில் (பெயர் வேண்டாம்) மூன்று முறை கண்ணாடி மாற்றியிருக்கிறேன். விழித்திரையைப் பார்க்கணும் என்று அங்கே ஒருவரும் சொல்லவில்லை. விஷன் சென்டரில் வருடம் ஒரு முறை வரச் சொன்னார்கள். பார்வைதான் நன்றாக இருக்கிறதே என்று இரண்டு வருடம் நான்தான் போகவில்லை. 2019-இல் எடுத்த படத்தில் விழித்திரையில் ரத்தக் கசிவு இருந்தது. தேனிக்கு அனுப்பினார்கள், லேசர் வைத்தார்கள். அன்றைக்கும் பேப்பரில் பொடி எழுத்தை என்னால் படிக்க முடிந்தது என்பதுதான் இன்றும் நினைத்தால் பயமாக இருக்கிறது. சர்க்கரை விழித்திரையைக் கெடுக்கும்போது ஆரம்பத்தில் வலியும் இருக்காது, மங்கலும் இருக்காது.

புதிதாகப் போகிறவர்களுக்கு: பெரிய ஆஸ்பத்திரி என்றால் அரை நாளை ஒதுக்கிவிடுங்கள். சொட்டு மருந்து விட்டுக் கண்மணியை விரிய வைத்தால் சில மணி நேரம் வெளிச்சம் கூசும், கிட்டத்தில் இருக்கிற எழுத்து தெரியாது. சர்க்கரை உள்ளவர்கள் கையில் ஏதாவது சாப்பிட எடுத்துப்போங்கள். பழைய அட்டையை மறக்காதீர்கள்.

எனக்கு அடுத்த தேதி டிசம்பரில். போன தடவை பைக்கில் போய், மத்தியானம் வரை கண் கூச்சம் தீராமல் டீக்கடையில் உட்கார்ந்திருந்தேன். இந்தத் தடவை பஸ்தான்.