ஸ்வீட்கம் மரம்: விதைக்கன்றா, காய்க்காத வகையா, ஒல்லி வகையா?

இலையுதிர் காலத்தில் மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு, கருஞ்சிவப்பு என எல்லா நிறங்களும் ஒரே மரத்தில் கூடி நிற்பதைப் பார்த்த பிறகே பலருக்கு ஸ்வீட்கம் வளர்க்கும் ஆசை வருகிறது. ஆனால் எந்த வகையை வாங்குவது என்ற முடிவை நிறத்தை வைத்து எடுப்பது சரியன்று என்பது என் கருத்து. போதிய வெயிலும், பருவத்தில் குளிர்ந்த இரவுகளும் கிடைத்தால் எந்த வகையும் ஓரளவு நன்றாகவே நிறம் மாறும். ஆண்டுகள் கடந்த பின் அந்த மரத்தோடு வாழ்வது எளிதா, தொல்லையா என்பதைக் காயும் அகலமும் வேருமே தீர்மானிக்கின்றன. எனவே இந்த ஒப்பீடு அவற்றையே முதன்மையாகக் கொள்கிறது.

விதையிலிருந்து வளர்ந்த சாதாரணக் கன்றே எளிதில் கிடைப்பதும் விலை குறைந்ததும் ஆகும். லிக்விடம்பர் ஸ்டைராசிஃப்ளுவா எனப்படும் இந்த இனத்தின் தாயகம் அமெரிக்காவின் கிழக்கு, தென்கிழக்குப் பகுதிகளும், மெக்சிகோ, மத்திய அமெரிக்க மலைக்காடுகளும் ஆகும். தோட்டத்தில் 18 முதல் 25 மீட்டர் வரை உயர்ந்து, 12 மீட்டருக்கும் மேல் படரக்கூடிய மரம் இது. விதைக்கன்று என்பதால் ஒன்றைப்போல் மற்றொன்று இருக்காது. ஒன்று செக்கச்சிவக்கும், பக்கத்தில் நிற்பது வெளிறிய மஞ்சளோடு நின்றுவிடும். இந்தச் சிக்கலுக்குத் தீர்வு எளிது: இலைகள் நிறம் மாறும் பருவத்தில் நர்சரிக்கு நேரில் சென்று, கண்ணால் பார்த்துக் கன்றைத் தேர்ந்தெடுக்கலாம்.

காயின் சிக்கலுக்கு அப்படியொரு குறுக்குவழி இல்லை. முற்றிய காய், சுற்றிலும் கூரிய அலகுகள் நீட்டிக்கொண்டிருக்கும், 2.5 முதல் 4 செ.மீ. விட்டமுள்ள கட்டையான உருண்டை. இலையுதிர் காலத்தின் பிற்பகுதியில் உதிரத் தொடங்கி, குளிர்காலம் முழுவதும், சில ஆண்டுகளில் வசந்தம் வரையிலும் சிறிது சிறிதாக விழுந்துகொண்டே இருக்கும் என்பதால், ஒருமுறை கூட்டிப் பெருக்கி முடித்துவிடலாம் என்று எண்ண முடியாது. அது எளிதில் மட்குவதில்லை. வெறுங்காலில் குத்தும், நடைபாதையில் உருண்டு ஆளை வழுக்கிவிடும், புல்வெட்டும் இயந்திரத்திலும் சிக்கும். இதைவிட ஏமாற்றமான செய்தி, மரம் காய்ப்புக்கு வரப் பெரும்பாலும் 15 முதல் 20 ஆண்டுகள், சில இடங்களில் அதற்கும் மேல் ஆகும் என்பது. பலர் மரத்தை முழுமனதாக ஏற்றுக்கொண்ட பிறகே அதன் இந்தக் குணம் வெளிப்படுகிறது. ஆண், பெண் பூக்கள் ஒரே மரத்தில் பூப்பதால், ஆண்மரமாகப் பார்த்து வாங்கித் தப்பிக்கவும் வழியில்லை. பூவை உதிர்க்கும் மருந்துகள் உண்டு என்றாலும், பூக்கும் சில நாட்களுக்குள் உச்சிவரை தெளிக்க வேண்டியிருப்பதால், வளர்ந்த மரத்துக்கு அவை வீட்டுக்காரரின் கைக்கு எட்டும் தீர்வல்ல. பெரிய நிலமும், பறவைகளை வரவழைக்கும் விருப்பமும் உள்ளவருக்கு மட்டும் விதைமரம் முதல் தேர்வாகலாம். காயிலிருந்து சிதறும் விதைகளைச் சிறுபறவைகள் விரும்பி உண்கின்றன.

‘ரொடண்டிலோபா’ இந்தத் தொல்லைக்கு நேரடியான மாற்று. 1930-இல் வட கரோலினாவில் கண்டெடுக்கப்பட்ட இவ்வகையின் இலைமடல்கள் நட்சத்திரம்போல் கூராக இல்லாமல் வட்டமாக முடிகின்றன. காய் ஏறத்தாழப் பிடிப்பதே இல்லை. உயரம் 18 மீட்டருக்குக் குறையாது. அகலம் 6 முதல் 9 மீட்டர் வரை இருக்கும். இதற்கும் விலை உண்டு, அதைக் கவாத்துக் கத்தியால் செலுத்த வேண்டும். இளமையில் இரண்டு தலைத்தண்டுகள் போட்டியிட்டு வளர்ந்தால், குறுகிய கோணத்தில் இணைந்த அந்தக் கவை பின்னாளில் காற்றில் பிளக்கக்கூடும் என்பதால், முதல் சில ஆண்டுகளிலேயே ஒன்றை மட்டும் விட்டு மற்றதை நீக்கிவிட வேண்டும். அவ்வப்போது ஒரு கிளை மட்டும் பழைய குணத்துக்குத் திரும்பிக் கூரிய இலைகளை விடும். விட்டுவைத்தால் அந்தக் கிளை காய்க்கவும் செய்யும். ஒட்டுக்கன்றாயின், ஒட்டுக்குக் கீழிருந்து கிளம்பும் தளிரையும் இதே கண்ணோடு கவனித்து அகற்ற வேண்டும். கடுங்குளிர்ப் பகுதிகளில் இவ்வகை மூல இனத்தின் அளவுக்குத் தாங்குவதில்லை.

‘ஸ்லெண்டர் சில்லவுட்’ வகை 15 மீட்டருக்கு மேல் உயர்ந்தும் இரண்டு மீட்டர் அகலத்துக்குள் ஒடுங்கி நிற்கும் தூண் வடிவ மரம். காய்கள் உண்டு, ஆனால் குறைவு. விழுபவையும் அடிமரத்தை ஒட்டியே விழுவதால், அங்கே புல்லுக்குப் பதிலாகத் தடித்த மூடாக்கோ அடர்ந்த புதரோ அமைத்தால் கண்ணில் படாமல் போகும். இடம் குறுகியவர்களுக்கு எல்லோரும் இதையே பரிந்துரைக்கிறார்கள். நான் அதைப் பாதி மட்டுமே ஏற்கிறேன். ஒடுங்கியிருப்பது தலைதானே தவிர வேர் அல்ல. ஸ்வீட்கத்தின் பக்கவேர்கள் மேல்மண்ணில் தொலைவு வரை பரவித் தடித்து, நடைபாதைக் கற்களைத் தூக்கிவிடும் இயல்புடையவை. இறுகிய களிமண்ணில் இது இன்னும் மோசமாகும். தூண் வடிவம் என்ற துணிவில் சுவரிலிருந்து இரண்டு மீட்டரில் நடுவது தவறு. எந்த வகையானாலும் சுவர், தளம், குழாய் ஆகியவற்றிலிருந்து குறைந்தது 6 மீட்டராவது தள்ளி நடுவதே நல்லது. எனவே நடுத்தரத் தோட்டத்தில் நிழலும் வேண்டுமெனில் ‘ரொடண்டிலோபா’, பக்கத்து வீட்டை மறைக்கும் திரையாகவோ பார்வையை நிறுத்தும் ஒற்றை மரமாகவோ வேண்டுமெனில் ‘ஸ்லெண்டர் சில்லவுட்’ என்பது என் தெரிவு.

ஆழமாகப் பிளந்த இலைகளுக்காகவும், கோடை குளிர்ச்சியாக இருக்கும் பகுதிகளிலும் தவறாமல் நிறம் மாறுவதற்காகவும் ‘வொர்ப்பிள்ஸ்டன்’ மதிக்கப்படுகிறது. ஆனால் பெரிய மரமாகவே வளரும் இது சிறு தோட்டத்துக்கு விடையன்று. ‘கம்பால்’ என்ற குட்டை வகை புதராக உருண்டு வளர்வது. ஓரிரு ஆள் உயரம் போதும் என்பவருக்கு ஏற்றது.

உறவு இனங்களையும் எண்ணிப் பார்க்கலாம். சீனம், தைவான் பகுதிகளைச் சேர்ந்த ஃபார்மோசானா மூன்று மடல் இலைகள் கொண்டது. காயின் முட்கள் சற்று மென்மையானவை. தென்மேற்குத் துருக்கியிலும் ரோட்ஸ் தீவிலும் வளரும் ஓரியன்டாலிஸ் மெதுவாக வளர்ந்து அளவிலும் அடங்கியிருக்கும். இரண்டுமே காய்ப்பவை என்பதால், காய்த் தொல்லையிலிருந்து தப்ப நினைப்பவருக்கு இவற்றால் முழு விடுதலை இல்லை.

மண்ணைப் பொறுத்தவரை ஸ்டைராசிஃப்ளுவா வகைகளுக்குள் பெரிய வேறுபாடு இல்லை. ஆற்றோரத் தாழ்நிலங்களில் இயல்பாக வளரும் இம்மரத்துக்கு ஆழமான, ஈரம் காக்கும், சற்றே அமிலத்தன்மையுள்ள மண் வேண்டும். சுண்ணாம்பு மிகுந்த மண்ணில் இரும்புச்சத்தை எடுக்க இயலாமல், நரம்புகள் பச்சையாக இருக்க இடைப்பகுதி மஞ்சளிக்கும். அத்தகைய மண் உள்ளவர் வகையை மாற்றிப் பார்ப்பதைவிட மரத்தையே மாற்றிக்கொள்ளலாம்.

கன்றின் அளவில் மட்டும் ஒரு தேர்வு மிஞ்சுகிறது. சதைப்பற்றுள்ள வேர்கள் இடமாற்றத்தை எளிதில் தாங்காததால், ஆளுயரத்துக்கு மேல் வளர்ந்த விலையுயர்ந்த மரத்தைவிட, தொட்டிக்குள் வேர் சுற்றிக்கொள்ளாத சிறு கன்றை வசந்தத்தின் தொடக்கத்தில் நட்டு, முதல் இரண்டு மூன்று கோடைகள் தவறாமல் நீர் பாய்ச்சுவதே மேலானது.