ஐஸ் பெட்டி மாஷ் டன்: நான்கு வருடத்தில் எது தாங்கியது, எது போனது

வீட்டில் பீர் காய்ச்ச, அரைத்த மால்ட்டை (முளைகட்டி உலர்த்திய தானியம், பெரும்பாலும் பார்லி) வெந்நீரில் ஊறவைத்து இனிப்புச் சாற்றை வடிக்கும் பாத்திரம்தான் மாஷ் டன்; உள்ளே ஊறும் கலவை மாஷ். 20 லிட்டர் பீருக்கு 5 கிலோ மால்ட், 15 லிட்டர் வெந்நீர். இரண்டும் சேர்ந்து அடைக்கும் இடம் 18 லிட்டர் சொச்சம்தான். 30 லிட்டர் ஐஸ் பெட்டி தாராளம். பெரிதாக இருக்கட்டுமே என்று 50 லிட்டர் வாங்கினால், மேலே கிடக்கும் காலி இடம் சூட்டைக் குடித்துவிடும்.

பெட்டியைப் பற்றி இதற்கு மேல் யோசிக்க ஒன்றுமில்லை. வேலையைக் கெடுப்பதும் காப்பாற்றுவதும் அடியில் கிடக்கும் வடிகட்டிதான். வாஷ்பேசினுக்குப் போடும் ஸ்டீல் பின்னல் ஹோஸை எடுத்து, இரு முனையையும் ஹேக்ஸாவால் அறுத்து, உள்ளிருக்கும் ரப்பர் குழாயை உருவிவிட வேண்டும். மிஞ்சும் பின்னலின் ஒரு முனையை மூன்று மடிப்பாக மடித்து நசுக்கி, மறுமுனையைப் பெட்டியின் வடிகால் ஓட்டையில் பொருத்தும் வால்வில் கிளாம்ப் போட்டு இறுக்கினால் வடிகட்டி தயார். ஸ்டீல் போலவே தெரியும் பிளாஸ்டிக் பின்னலும் கடையில் உண்டு. ஒரு இழையைத் தீயில் காட்டினால் உருகிக் காட்டிக்கொடுத்துவிடும்.

முதல் சில தடவை அருமையாக வடியும். பிறகு துடுப்பால் கிளறக் கிளறப் பின்னல் தட்டையாகிவிடும், வடிவது சொட்டுச் சொட்டாகும். ஸ்டெயின்லெஸ் கம்பியைப் பென்சிலில் ஸ்பிரிங் மாதிரி சுற்றி உள்ளே நுழைத்ததும் அந்தத் தொல்லை ஒழிந்தது. முதல் நாளே செய்திருக்க வேண்டிய வேலை.

கசிவு இன்னொரு தலைவலி. வெளியே சொட்டினால் தெரிந்துவிடும். உள்சுவர் வழியாக நுரைப் பஞ்சுக்குள் இறங்கினால் தெரியாது. காலிப் பெட்டி வழக்கத்தைவிடக் கனத்தால், வால்வு ஓட்டையில் புளிச்ச வாடை அடித்தால், சந்தேகமே வேண்டாம். சாதா ரப்பர் வாஷர் சூட்டில் இறுகி வெடிக்கும். உள்ளே ஒரு சிலிகான் ஓ-ரிங், வெளியே ஒரு சிலிகான் வாஷர், மரையில் டெஃப்லான் டேப். நட்டைக் கையால் இறுக்கி, ஸ்பேனரில் கால் சுற்று போதும். வலுவைக் காட்டினால் உள்சுவர் நெளிந்து, அதனாலேயே கசியும்.

மால்ட் 25 டிகிரியில் இருக்க, மாஷ் 67 டிகிரிக்கு வர வேண்டுமென்றால், கிலோவுக்கு 3 லிட்டர் கணக்கில் தண்ணீர் சுமார் 73 டிகிரி. இதில் பெட்டி உறிஞ்சும் சூடு சேரவில்லை. அதனால் 80 டிகிரித் தண்ணீர் நாலு லிட்டரை முதலில் ஊற்றி, பத்து நிமிடம் மூடி வைத்துக் கொட்டிவிடுவது நல்லது. கொதிநீர் ஊற்றினால் உள்சுவர் உப்பிக்கொள்ளும், பிறகு நேராகாது. பல பெட்டிகளின் மூடி உள்ளே வெறும் கூடு. 6 மி.மீ. துளை போட்டு ஃபோம் ஸ்ப்ரேயைக் கொஞ்சம் கொஞ்சமாக அடைத்தபின், ஒரு மணி நேரத்தில் 3 டிகிரி இறங்கியது ஒன்றாகக் குறைந்தது.

வடிவது நின்றுபோவதற்குப் பெரும்பாலும் அரவைதான் காரணம். அரவை இயந்திரத்தின் ரோலர் இடைவெளி 1.2 மி.மீ. வைத்தால் பார்லியின் தோல் முழுசாக நிற்கும், அதுவே இயற்கை வடிகட்டி. கோதுமைக்குத் தோல் கிடையாது. பாதி கோதுமை என்றால் கழுவிய உமி கால் கிலோ கலக்க வேண்டும். வால்வைக் கால்வாசிதான் திறக்கலாம். முழுசாகத் திறந்தால் உறிஞ்சும் வேகத்தில் தானியம் இறுகிப் பலகையாகிவிடும். முதலில் வரும் மூன்று லிட்டர் கலங்கலை மேலேயே திருப்பி ஊற்றவும். அப்படியும் அடைத்தால் வால்வை மூடி, 76 டிகிரித் தண்ணீர் இரண்டு லிட்டர் சேர்த்துக் கிளறி, பத்து நிமிடம் விட்டுத் திறந்தால் வழிவிடும்.

தானியம் கிலோவுக்கு ஒரு லிட்டர் பிடித்துக்கொள்ளும். ஊற்றிய 15 லிட்டரில் 10தான் திரும்பும். கொதிகலனில் 25 லிட்டர் வேண்டுமானால், தானியத்தில் மிஞ்சிய இனிப்பை அலசி எடுக்க இன்னும் 15 லிட்டர் வெந்நீர். அதை 77 டிகிரிக்கு மேல் சூடாக்கினால் தோலின் துவர்ப்பு இறங்கும்.

பால் வால்வுக்கு (ball valve, உள்ளே துளையிட்ட உருண்டை சுழன்று திறந்து மூடுவது) மட்டும் ஒரு எச்சரிக்கை. உருண்டைக்கும் உடலுக்கும் நடுவே இனிப்புச் சாறு தங்கிப் பூஞ்சை பிடிக்கும், வெளியிலிருந்து எவ்வளவு கழுவினாலும் போகாது. மூன்று துண்டாகக் கழலும் வால்வு வாங்கி, ஐந்து தடவைக்கு ஒருமுறை பிரித்துத் தேய்க்க வேண்டும். காயவைக்கும்போது கைப்பிடி பாதியில் நிற்கட்டும்.