கிரைண்டர் நின்னு போச்சு: ரிப்பேர் பண்றதா, புதுசு வாங்கறதா?

போன மாசம் ஒரு சனிக்கிழமை சாயந்திரம். நாலு டம்ளர் இட்லி அரிசி ஊறிக்கிட்டு இருக்கு, உளுந்த கிரைண்டர்ல போட்டு பத்து நிமிஷம் கூட ஆகல, கடகடன்னு சத்தம் வந்துச்சு, அப்புறம் டிரம் நின்னுடுச்சு, மோட்டார் மட்டும் உர்ருன்னு ஓடுது. உளுந்த வழிச்சு மிக்ஸில போட்டு ஐஸ் தண்ணி ஊத்தி எப்படியோ ஒப்பேத்துனேன். மறுநாள் இட்லி எப்படி இருந்துச்சுன்னு மட்டும் கேக்காதீங்க.

2009ல வாங்குன 2 லிட்டர் டேபிள் டாப், மூணு கல்லு. வீட்டுக்காரர் அன்னிக்கு ராத்திரியே போன்ல புது மாடல் பாக்க ஆரம்பிச்சுட்டார். கடைல போய் கேட்டா புதுசு 6,500, பழசுக்கு எக்ஸ்சேஞ்ச் 500 தர்றோம்னாங்க. எங்க ஏரியா மெக்கானிக் தம்பிகிட்ட காட்டுனா, பெல்ட், ரெண்டு பேரிங், அந்த பேரிங்குக்குள்ள தண்ணி போகாம தடுக்கற ஆயில் சீல், கூலி எல்லாம் சேர்த்து 950. நான் ரிப்பேர் தான் பண்ணேன், அதனால நான் எந்த பக்கம் சாய்வேன்னு இப்பவே தெரிஞ்சிருக்கும்.

காசு கணக்க விடுங்க, 950 கம்மி 6,500 ஜாஸ்தி, அது சின்ன புள்ளைக்கும் தெரியும். கரண்ட் பில்லும் இதுல ஒரு விஷயமே இல்ல. ஃப்ரிட்ஜுன்னா நாள் பூரா ஓடுது, பழச மாத்துனா யூனிட் மிச்சமாகும்னு சொல்றதுல அர்த்தம் இருக்கு. கிரைண்டர் மோட்டார் 150 வாட், வாரம் ரெண்டு தடவ முக்கா முக்கா மணி நேரம் ஓட்டுனாலும் வருஷத்துக்கு 12 யூனிட் கிட்ட தான் வரும். இதுல என்னத்த மிச்சம் புடிக்கறது.

நான் முடிவு பண்ணது கல்ல வெச்சு. மத்ததெல்லாம் மாத்துற சாமான். மோட்டார் ஓடுது டிரம் சுத்தலன்னா பெல்ட் தளர்ந்துருக்கும் இல்ல அறுந்துருக்கும், மோட்டார் உறுமிக்கிட்டே நின்னு கையால டிரம்ம ஒரு தள்ளு தள்ளுனா சுத்த ஆரம்பிச்சா அனேகமா மோட்டார ஸ்டார்ட் பண்ணி விடற கெப்பாசிட்டர், கடகடன்னா பேரிங், இல்லன்னா கல்லு சுத்துற நைலான் புஷ் தேஞ்சிருக்கும். இது எல்லாமே கடைல கெடைக்கும். அதுவும் நான் இருக்கறது கோயம்புத்தூர், 1955ல சபாபதிங்கறவர் மொத கிரைண்டர செஞ்ச ஊரு, புவிசார் குறியீடே கோயம்புத்தூர் வெட் கிரைண்டர்னு தான் இருக்கு, இங்க கிரைண்டர் பார்ட்ஸ் இல்லன்னு எந்த தெருவுலயும் சொல்ல மாட்டாங்க. வெளியூர்லயும் பெருசா கஷ்டம் இருக்காது, 2011ல ஆரம்பிச்ச இலவச மிக்ஸி கிரைண்டர் ஃபேன் திட்டத்துல வீட்டுக்கு வீடு கிரைண்டர் போயிருக்கு, அத ரிப்பேர் பண்ணியே கை தேர்ந்த மெக்கானிக் நெறைய பேர்.

ஆனா கல்லு அப்படி இல்ல. டிரம்முக்கு அடில இருக்கற கல்லும் மேல உருள்ற மூணு கல்லும் பதினாறு வருஷமா ஒண்ணோட ஒண்ணு உரசி உரசி பழகுனது. புதுசு வாங்குனா மொத நாலஞ்சு தடவ அரிசிய போட்டு அரைச்சு கீழ கொட்டணும், மண்ணும் கல்லு பொடியும் போற வரைக்கும். எங்க அக்கா ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி புதுசு வாங்குனா, ஒரு மாசம் வரைக்கும் மாவுல நரநரன்னு இருக்குன்னு பொலம்புனா. எங்க பழைய கல்லுல ஒரு டம்ளர் உளுந்து போட்டா டிரம்ல முக்காவாசிக்கு பொங்கி வரும், அவ வீட்ல அதே உளுந்து அந்த அளவு காண மாட்டேங்குது. இது கல்லோட குணமா உளுந்தோட குணமான்னு எங்களுக்குள்ள இன்னும் சண்டை தான்.

அதனால மெக்கானிக்க கூப்புடறதுக்கு முன்னாடி நீங்க பாக்க வேண்டியது ஒண்ணு தான். டிரம்ம நல்லா கழுவி தொடைச்சு காய வெச்சு, அடிக்கல்லு முழுகற அளவு தண்ணி ஊத்தி, பழைய நியூஸ்பேப்பர் மேல ராத்திரி பூரா வெச்சுடுங்க. காலைல பேப்பர் காஞ்சு இருந்தா தைரியமா ரிப்பேருக்கு குடுங்க. ஈரமா இருந்தா அடிக்கல்லும் ஸ்டீல் பாத்திரமும் ஒட்டுன எடம் விட்டுடுச்சுன்னு அர்த்தம், மாவு அந்த சந்துல போய் உக்காந்து புளிச்சு நாறும், எவ்ளோ கழுவுனாலும் போகாது. எங்க மாமியார் வீட்ல அப்படி தான் ஆச்சு. எம் சீல் வெச்சு அடைக்கலாம்னு ஒருத்தர் சொன்னார், திங்கற மாவுல அதெல்லாம் கலக்கறது எனக்கு ஒப்பல, டிரம் மட்டும் தனியா கேட்டா புது கிரைண்டர்ல பாதி வெலை கிட்ட சொன்னாங்க, புதுசு தான் வாங்குனோம். அந்த முடிவும் சரி தான், அதுல எனக்கு வருத்தமே இல்ல.

எங்களுது பேப்பர் காஞ்சு தான் இருந்துச்சு. மெக்கானிக் தம்பி கீழ் மூடிய கழட்டி பேரிங்க வெளிய எடுத்து வெரல்ல மாட்டி சுத்தி காட்டுச்சு, கரகரன்னு, உள்ள கிரீஸ் இருக்க வேண்டிய எடத்துல துரு கலந்த செம்மண் மாதிரி குழம்பு. சீல சுத்தி மாவு காஞ்சு சுண்ணாம்பு கட்டி மாதிரி கெட்டியா. "அக்கா, டிரம்ம எடுக்காம அப்படியே தண்ணி ஊத்தி கழுவுவீங்களா?" ன்னு கேட்டுச்சு. நான் ஒண்ணும் சொல்லல. டிரம் கனம், தூக்க சோம்பல், நெறைய நாள் மெஷின் மேலயே வெச்சு தண்ணி ஊத்தி வழிச்சிருக்கேன், அது நடுவுல எறங்கி பேரிங்க தின்னுடுச்சு. "கல்லு நல்லா இருக்குதுங்க்கா, இத போய் ஐநூறுக்கு குடுப்பீங்களா" ன்னு சொல்லிட்டு வேலைய பாக்க ஆரம்பிச்சுடுச்சு.

அந்த ஐநூறு பத்தி ஒண்ணு. காயலான் கடைல கேட்டு பாத்தேன், கல்லுக்கு அஞ்சு பைசா கூட கெடையாது, ஸ்டீலும் மோட்டார்ல இருக்கற காப்பரும் மட்டும் தான் எடை போடுவாங்களாம். கிரைண்டர்ல எது ஒசத்தியோ அதுக்கு வெலையே இல்ல.

புதுசுக்கும் நியாயம் இருக்கு. எங்கம்மாவுக்கு அறுபத்தெட்டு வயசு, அவங்களால எங்க டிரம்ம தூக்கவே முடியாது. அக்கா வீட்டு புதுசு லேசா இருக்கு, சத்தமும் கம்மி, ரெண்டு வருஷம் வாரண்டி வேற. தனியா இருக்கறவங்க, இடுப்பு வலி இருக்கறவங்க, வாரம் ஒரு டம்ளர் போடறவங்க புதுசா சின்னதா வாங்கிக்கிட்டா நான் வேண்டாம்னு சொல்ல மாட்டேன். மோட்டார் கருகி காயில் கட்டணும், அதாவது உள்ள இருக்கற காப்பர் கம்பிய புதுசா சுத்தணும்னு சொன்னா மட்டும் கொஞ்சம் யோசிங்க. எனக்கு காயில் கட்டுன அனுபவம் ஒரே தடவ, அதுவும் மிக்ஸிக்கு, எட்டு மாசத்துல மறுபடி பொகஞ்சுச்சு. கட்டுனவர் கை சரியில்லையா என் ராசியான்னு தெரியல, அத வெச்சு கிரைண்டருக்கும் அப்படி தான்னு அடிச்சு சொல்ல முடியாது.

ரிப்பேர் பண்ணி அஞ்சு வாரம் ஆச்சு, ஓடுது, ஸ்டார்ட் பண்றப்ப மட்டும் லேசா கீச்னு ஒரு சத்தம், பெல்ட் புதுசு செட்டாயிடும்னுச்சு தம்பி. இன்னொரு பெல்ட் ஸ்பேரா வாங்கி வெக்கலாம்னு போனேன், மாடல் பேர சொல்லி வாங்கிட்டு வந்தா அரை இஞ்ச் சின்னது. நீங்க போனா அறுந்த பெல்ட்டையே கைல எடுத்துட்டு போங்க, நான் ரெண்டு தடவ அலைஞ்சேன்.