பாத்ரூம் டைலுக்கு 'வழுக்காத கோட்டிங்' அடிக்க ஆள் வந்தால் உஷார்

கோவையில் வீடு கட்டி ஒன்றரை வருஷம் ஆகிறது. பாத்ரூம் டைல் எடுத்த கடையில், "ஆர்9 ரேட்டிங்குங்க, ஆன்டி-ஸ்கிட், கண்ண மூடிட்டு எடுங்க" என்றார்கள். பத்துக்கு ஒன்பது மார்க் போல என்று நானும் எடுத்துவிட்டேன். அப்புறம்தான் தெரிந்தது, இது தரை எவ்வளவு வழுக்காது என்று சொல்லும் ஜெர்மன் தர வரிசை, அந்த வரிசையே ஆர்9-இல்தான் தொடங்குகிறது, ஆர்13 வரை போகிறது. அதுவும் ஷூ போட்ட ஆளை எண்ணெய் ஊற்றிய சாய்தளத்தில் நடக்க விட்டுப் பார்க்கிற சோதனை. வெறுங்காலுக்கும் சோப்புத் தண்ணீருக்கும் ஏ, பி, சி என்று தனி வரிசை இருக்கிறது, அதைக் கடையில் யாரும் சொல்லவில்லை.

போன மாதம் அம்மா வழுக்கி விழுந்தார், வலது மணிக்கட்டில் மாவுக்கட்டு. கடையில் போய்ச் சத்தம் போட்டதும், கோட்டிங் அடித்தால் சரியாகிவிடும் என்று ஓர் ஆளை அனுப்பினார்கள். 40 சதுர அடிக்கு 3,200 ரூபாய். அடித்து முடித்ததும் தரை பளபளவென்று மின்னியது, அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும். காய்ந்த தரையில் செருப்பைத் தேய்த்து "பாருங்க சார், எப்படிப் பிடிக்குது" என்றார். காய்ந்திருந்தால் கண்ணாடிகூடப் பிடிக்கும்.

நண்பன் ஒருவன் பட்டறையில் கிரைண்டிங் வேலைக்கு வைத்திருக்கும் சொரசொரப்பு மீட்டரைக் கொண்டுவந்தான். வைர முனை ஊசி ஒன்று தரைமேல் சில மில்லிமீட்டர் ஊர்ந்து மேடு பள்ளத்தை எழுதும். பட்டறையில் அவர்கள் பார்ப்பது ஆர்ஏ, அதாவது மொத்தச் சொரசொரப்பின் சராசரி; தரைக்குப் பார்க்க வேண்டியது ஆர்இசட், அதாவது பள்ளத்திலிருந்து மேடு வரை உள்ள உயரத்தின் சராசரி. கோட்டிங் அடித்த இடத்தில் பத்து முறை வைத்துப் பார்த்தோம், சராசரி 4 மைக்ரான். தண்ணீர் டிரம்மை நகர்த்தச் சோம்பல்பட்டு அந்த ஆள் அடிக்காமல் விட்ட மூலையில் 11! காசு கொடுத்து இருந்த பள்ளத்தையும் பூசி மெழுகியிருக்கிறேன்.

பிரிட்டனில் வேலையிடப் பாதுகாப்பைக் கவனிக்கும் எச்எஸ்இ என்ற அரசு அமைப்பின் கணக்குப்படி வெறும் தண்ணீருக்கே 20 மைக்ரானாவது வேண்டும், சோப்புத் தண்ணீர் என்றால் 45. கண்ணுக்குத் தெரியாத அந்தக் கூர்முனைகள்தான் தண்ணீர்ப் படலத்தைக் கிழித்துக்கொண்டு பாதத்தைத் தொடும். கையால் தடவினால் தட்டுப்படும் பெரிய புடைப்பு டிசைனைப் பார்த்து ஏமாறாதீர்கள், புடைப்பின் தலையில் வழவழவென்று கிளேஸ், அதாவது கண்ணாடி போன்ற மேற்பூச்சு இருக்கும்.

மீட்டர் ஒரு துப்புதான், முழுத் தீர்ப்பு இல்லை. ரப்பர் வைத்த ஊசலை ஈரத்தரையில் உரசிப் போகவிட்டுப் பிடிப்பை அளக்கும் ஊசல் சோதனையில் வந்த எண்ணை எழுத்தில் கேளுங்கள், 36-க்குக் கீழே என்றால் வாங்காதீர்கள். கோட்டிங் என்று வந்தால் முதலில் ஒரே ஒரு டைலில் அடிக்கச் சொல்லி, சோப்புத் தண்ணீர் ஊற்றிப் பாருங்கள்.

மீட்டர் கணக்கைக் காட்டினால், "அது லேத்துக்குத்தானுங்க, தரைக்கு எதுக்கு?" என்று கேட்கிறார் கடைக்காரர். கோட்டிங்குக்கு நான் பில் வாங்கவில்லை, என் தப்பு. டைல் பில் இருக்கிறது, அதில் 'ஆன்டி-ஸ்கிட்' என்று அவர்களே அச்சடித்திருக்கிறார்கள். திங்கட்கிழமை அதை எடுத்துக்கொண்டு நுகர்வோர் ஆணையத்துக்குப் போகிறேன்.