போக ரயில் சரி, திரும்பி வர? பெங்களூரு, கொச்சி அவே மேட்ச் கணக்கு

ஐஎஸ்எல் கால்பந்து லீக்கின் அட்டவணை வந்த அன்றே எங்கள் ரசிகர் வாட்ஸ்அப் குழுவில் சண்டை தொடங்கிவிடும். சென்னையின் எஃப்சிக்குப் பெங்களூருவில் என்றைக்கு ஆட்டம், கொச்சியில் என்றைக்கு, ரயிலா பஸ்ஸா? எல்லோரும் போகிற வழியைப் பற்றியே பேசுவார்கள். நான் பார்த்தவரை போவது ஒரு பிரச்சினையே இல்லை. ஆட்டம் முடிகிற நேரத்திலிருந்து பின்னோக்கிக் கணக்குப் போட்டால்தான் எதில் போவது என்றே தெரியும்.

முதலில் பெங்களூரு. போவதற்கு ரயில்தான், யோசிக்கவே வேண்டாம். காலை ஆறு மணி வாக்கில் கிளம்பும் வந்தே பாரத், சதாப்தி இரண்டுமே பதினோரு மணிக்குள் இறக்கிவிடும். காசு மிச்சம் பிடிக்க நினைத்தால் பிருந்தாவன் இருக்கிறது, மதியச் சாப்பாட்டுக்குப் போய்ச் சேரலாம். மெஜஸ்டிக்கில் மெட்ரோ ஏறினால் மூன்றாவது ஸ்டேஷன் கப்பன் பார்க். அங்கிருந்து கண்டீரவா மைதானம் நடக்கிற தூரம்தான். பஸ் அத்திப்பள்ளி வரை நேரத்துக்கு வந்துவிடும். அதற்கப்புறம் ஓசூர் ரோடும் சில்க் போர்டு சிக்னலும் என்ன செய்யும் என்று டிரைவருக்கே தெரியாது. ஒரு முறை நாங்கள் பிடித்த வேனில் வாணியம்பாடி தாண்டியதும் ஏசி நின்றுபோனது. ஜன்னலோ திறக்க முடியாத கண்ணாடி. மைதானத்துக்குள் நுழைந்தபோது இடைவேளைக்குப் பத்து நிமிடம் இருந்தது.

பஸ்ஸுக்கு ஆதரவாக ஒன்றைச் சொல்லியாக வேண்டும். ரயிலும் ஆம்பூர் வழியாகத்தான் போகிறது, ஆனால் பிரியாணிக்காக அது நிற்காது.

இனி திரும்புவது. ஏழரை மணி ஆட்டம் ஒன்பதே கால், ஒன்பதரைக்கு முடியும். உடனே வெளியே வந்துவிடலாம் என்று நினைக்காதீர்கள். உள்ளூர்க் கூட்டம் கலையட்டும் என்று நம்மைக் கேலரியிலேயே உட்கார வைப்பார்கள். பத்து நிமிடமும் ஆகலாம், அரை மணியும் ஆகலாம். சென்னை மெயில் பத்தே முக்கால் வாக்கில் பெங்களூரு ஸ்டேஷனை விட்டுக் கிளம்பும். மெட்ரோவோ ஆட்டோவோ கிடைத்தால் பிடித்துவிடலாம், மூச்சு வாங்கும், அவ்வளவுதான். 2023-24 சீசனில் பல ஆட்டங்களை எட்டு மணிக்குத் தள்ளியபோது அந்தக் கொஞ்ச அவகாசமும் போயிற்று.

லீக் ஆட்டத்துக்கே இந்தப் பாடு. தோற்றால் வெளியே என்கிற நாக்-அவுட் ஆட்டம் என்றால் மெயிலை மறந்துவிடலாம். 2023 மார்ச் 3-ஆம் தேதி கண்டீரவாவில் நடந்த பெங்களூரு – கேரளா பிளாஸ்டர்ஸ் ஆட்டம் நினைவிருக்கும். தொண்ணூறு நிமிடத்தில் கோலே இல்லை. கூடுதல் நேரத்தில் பெங்களூருவின் சுனில் சேத்ரி, எதிரணி தயாராகும் முன்பே சட்டென்று ஒரு ஃப்ரீ கிக்கை வலைக்குள் போட்டார். அதை ஏற்காத கேரளா பயிற்சியாளர் இவான் வுகோமனோவிச் தன் வீரர்களையே வெளியே அழைத்துக்கொண்டு போய்விட்டார். ஆட்டம் முடிந்ததா இல்லையா என்று கேலரியில் ஒருவருக்கும் புரியாத அந்த நேரத்தில், பையில் ரயில் டிக்கெட் வைத்திருந்தவன் என்ன செய்திருப்பான்? வாடகை பஸ் என்றால் டிரைவர் சீட்டைச் சாய்த்துக்கொண்டு தூங்குவார், நாம் போய் எழுப்பினால் போதும்.

ஜெயித்தால் பஸ்ஸுக்கு ஈடே இல்லை. 2018 மார்ச் 17, அதே கண்டீரவா, இறுதிப்போட்டி. சேத்ரி முதல் கோலைப் போட்டதும் எங்கள் பக்கம் சத்தமே இல்லை. அப்புறம் நம் மெயில்சன் ஆல்வ்ஸ் தலையால் இரண்டு, ரஃபேல் அகஸ்டோ ஒன்று. 3-2, கோப்பை நம்முடையது. கிருஷ்ணகிரி டீக்கடை வரைக்கும் டிரம் ஓயவில்லை. கிளீனர் பையனுக்கும் ஒரு நீல ஜெர்சியை மாட்டிவிட்டோம். ஸ்லீப்பர் கோச்சில் இதைச் செய்தால் நடுபெர்த்தில் படுத்திருக்கும் பெரியவர் டிடிஇயைக் கூப்பிடுவார், அவர் பக்கம்தான் நியாயமும் இருக்கும்.

தோற்றால் கதை தலைகீழ். பஸ்ஸில் ஆறேழு மணி நேரம், நாற்பது பேரும் பயிற்சியாளரைத் திட்டிக்கொண்டே வருவார்கள். ரயிலில் மேல்பெர்த்தில் ஏறிப் போர்வையை இழுத்துக்கொண்டால் யாருக்கும் பதில் சொல்ல வேண்டாம். விடிவதற்குள் சென்ட்ரல். மெட்ரோ ஓடத் தொடங்கும் வரை ஒரு டீ. பஸ் என்றால் பூந்தமல்லியில் அரைத்தூக்கத்தில் இறக்கிவிடுவார்கள்.

டிக்கெட் விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன். ரயில் முன்பதிவு இப்போது 60 நாள் முன்பு திறக்கிறது. அட்டவணையோ பாதி பாதியாக வருகிறது, தேதியும் நகர்கிறது. ஒரு டிக்கெட்டில் ஆறு பேர், தட்காலில் நான்கே பேர். முப்பது பேர் கிளம்பினால் ஆளுக்கொரு கோச்சில் கிடப்போம். ஆர்ஏசி கிடைத்து, சைடு லோயரில் முன்பின் தெரியாத ஒருவரோடு எதிரெதிரே முழங்கால் இடிக்க உட்கார்ந்து, நடுவில் சுருட்டிய பேனரையும் வைத்துக்கொண்டு வந்த இரவு எனக்கு உண்டு. பெரிய பேனர், டிரம் எல்லாம் வேனிலேயே வரட்டும் என்று அன்றைக்குத்தான் முடிவு செய்தோம்.

கொச்சிக்கு வேறு கணக்கு. போவது சுகம்: முந்தின நாள் இரவு திருவனந்தபுரம் மெயில், காலையில் எர்ணாகுளம் டவுன் ஸ்டேஷன். பக்கத்திலேயே டவுன் ஹால் மெட்ரோ, இரண்டாவது ஸ்டேஷனில் இறங்கினால் கலூர் மைதானத்தின் வாசல். ஆனால் திரும்பும்போது திருவனந்தபுரத்திலிருந்து வரும் சென்னை மெயில், ஆலப்புழை எக்ஸ்பிரஸ் இரண்டும் ஆட்டம் தொடங்குவதற்கு முன்பே எர்ணாகுளத்தைத் தாண்டியிருக்கும். ஆம்னி பஸ்களும் பெரும்பாலும் மாலையிலேயே கிளம்பிவிடும். வேன் பிடித்தால் எழுநூறு கிலோமீட்டர்; ராத்திரி முழுக்க ஒரே டிரைவரை ஓட்டச் சொல்வது நமக்கே ஆபத்து. இரண்டு டிரைவர் கேளுங்கள், பேட்டா கூடும், கூடட்டும்.

நான் இப்போதெல்லாம் கலந்துகட்டித்தான் வருகிறேன். ஆட்டம் முடிந்ததும் கோயம்புத்தூர் பஸ். விடியற்காலையில் இறங்கி, ஸ்டேஷன் எதிரில் இட்லி, ஆறு மணி வந்தே பாரத். மதியத்துக்குள் சென்ட்ரல், அரை நாள் லீவோடு முடிந்துவிடும். அந்த ரயில் வாரத்தில் ஒரு நாள் கிடையாது, அதை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். பெங்களூரு என்றால், இரண்டு மூன்று பேராக லீக் ஆட்டத்துக்குப் போகும்போது இரு வழியும் ரயில். பத்துப் பேருக்கு மேல் சேர்ந்தாலோ, நாக்-அவுட் என்றாலோ திரும்ப வேன். அதில் முன்சீட்டை மட்டும் எனக்கு விட்டுவிடுங்கள், டிரைவர் தூங்காமல் பேச்சுக் கொடுத்துக்கொண்டு வருவது என் வேலை.