பாம்புக்கடிக்கு இரண்டு பில்: சென்னையில் பார்த்தவை

டெக்சஸில் கிலுகிலுப்பைப் பாம்பு கடித்தால் முதல் வேளைக்கே நான்கு முதல் ஆறு குப்பி குரோஃபாப் என்னும் விஷமுறிவு மருந்து ஏற்ற வேண்டும் என்பதையும், ஒவ்வொரு குப்பிக்கும் பல ஆயிரம் டாலர் பில் வரும் என்பதையும் அங்கே குடியிருக்கும் எவரும் அறிவர். அதனால், விடுமுறைக்கு வந்திருந்தபோது வண்டலூர்ப் பக்கம் சித்தப்பாவைக் கண்ணாடி விரியன் கடித்ததும், உயிர்ப்பயத்துக்கு அடுத்தபடியாக எனக்கு மருந்தின் விலைதான் நினைவுக்கு வந்தது.

108 ஆம்புலன்ஸுக்குக் கட்டணம் இல்லை. சித்தியின் விருப்பப்படி, அருகிலிருந்த தனியார் மருத்துவமனையில் சேர்த்தோம். முன்பணம் கட்டச் சொன்னார்களே தவிர, அது வரும்வரை சிகிச்சையை நிறுத்தி வைக்கவில்லை. சில மில்லி ரத்தத்தைக் காய்ந்த கண்ணாடிக் குழாயில் எடுத்து, 20 நிமிடம் அசைக்காமல் வைத்துச் சாய்த்துப் பார்த்தார்கள், உறையவில்லை. விஷம் ரத்தத்தில் ஏறியிருப்பதற்கு அது அடையாளம். நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கின் விஷத்துக்கும் பொதுவான முறிவு மருந்தைப் பத்துக் குப்பி சலைனில் கலந்து, ஒவ்வாமை வந்தால் போடுவதற்கு அட்ரினலினைப் பக்கத்திலேயே தயாராக வைத்துக்கொண்டு, ஒரு மணி நேரத்தில் ஏற்றினார்கள். கடித்த பாம்பு செலுத்தும் விஷத்தின் அளவு ஆளைப் பார்த்து மாறாது என்பதால், குழந்தைக்கும் இதே அளவுதான்.

அடுத்த சோதனை ஆறு மணி நேரம் கழித்துத்தான் என்றதும் சித்தி பொறுமை இழந்து, "இன்னும் நாலு குப்பி போட்டுடுங்க டாக்டர், பணம் நாங்க கட்டிடுறோம்" என்றார். மருந்து ரத்தத்திலுள்ள விஷத்தை முறித்துவிட்டாலும், விஷம் தின்று தீர்த்த, ரத்தத்தை உறையவைக்கும் பொருள்களைக் கல்லீரல் மறுபடி உண்டாக்குவதற்கு அவ்வளவு நேரம் ஆகும் என்றும், அதற்குள் ஏற்றும் குப்பிகளால் ஒவ்வாமை அபாயமும் செலவும் கூடுமே ஒழியப் பயன் இல்லை என்றும் மருத்துவர் விளக்கினார். பணம் தருகிறோம் என்று சொல்லியும் மருந்தை விற்காத அந்த நிதானத்தை நான் மெச்சினேன்.

மறுநாள் சிறுநீர் குறைந்து டயாலிசிஸ் தேவைப்படலாம் என்றபோது, சென்ட்ரல் எதிரிலுள்ள ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனைக்கு, எல்லோரும் சொல்லும் ஜி.எச்.சுக்கு, மாற்றிக்கொண்டோம். அங்கு முறிவு மருந்தும் டயாலிசிஸும் இலவசம்.

தனியார் மருத்துவமனை கொடுத்த பில்லை வரிவரியாகப் படித்தேன். பத்துக் குப்பிகளின் மொத்த விலை, ஐ.சி.யூ. படுக்கையின் ஒரு நாள் கட்டணத்தைவிடக் குறைவாக இருந்தது. மீதியெல்லாம் திரும்பத் திரும்ப எடுத்த ரத்தப் பரிசோதனைகள், மானிட்டர், சிறப்பு மருத்துவர் வந்து பார்த்த கட்டணம், கையுறை, சிரிஞ்ச் என்று நீண்டது. அமெரிக்காவில் கதை தலைகீழ். முறிவு மருந்து அங்கே ஏன் இவ்வளவு விலை என்று அரிசோனா பல்கலைக்கழகத்தின் லெஸ்லி பாயர் 2015இல் கணக்குப் போட்டுக் காட்டினார்: நோயாளியின் பில்லில் வரும் குப்பி விலையில் தயாரிப்புச் செலவு ஒரு விழுக்காட்டைக்கூட எட்டவில்லை, காப்பீட்டு நிறுவனங்களோடு பேரம் பேசுவதற்காக மருத்துவமனைகள் ஏற்றி வைக்கும் தொகையே 70 விழுக்காட்டுக்கு மேல்.

சித்தப்பாவின் கையில் ஏறிய மருந்துக்கு மூலமான விஷமும் பெரும்பாலும் சென்னைக்குத் தெற்கே, கிழக்குக் கடற்கரைச் சாலையிலுள்ள வடநெம்மேலியிலிருந்து போவதுதான். 1978இல் தொடங்கிய இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் அங்கே விஷம் எடுத்து மருந்து நிறுவனங்களுக்கு விற்கிறது. அந்த விஷத்தைக் கொண்டு தயாராகும் மருந்து வடமேற்கு இந்தியப் பாம்புகளுக்குச் சரியாக வேலை செய்வதில்லை என்று ஆய்வாளர்கள் குறை சொல்வதுண்டு. அந்த வகையில் நம் ஊர்க்காரர்கள் கொடுத்து வைத்தவர்கள்.

வெளிநாட்டிலிருந்து வருவோர் இரண்டு காகிதங்களைக் கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டும். பாம்புக்கடியை விபத்தாகப் பதிவு செய்வதால் கிடைக்கும் ஏ.ஆர். (விபத்துப் பதிவேடு) நகல் ஒன்று, எத்தனை குப்பி, எந்த நேரத்தில் ஏற்றப்பட்டது என்ற விவரம் அடங்கிய டிஸ்சார்ஜ் சுருக்கம் மற்றொன்று. தமிழக அரசு 2024 நவம்பரில் பாம்புக்கடியை அறிவிக்கை செய்யப்பட வேண்டிய நோயாக்கியதிலிருந்து, தனியார் மருத்துவமனைகளும் ஒவ்வொரு கடியையும் அரசுக்குத் தெரிவித்தாக வேண்டும் என்பதால், ஏ.ஆர். நகலுக்கு நாங்கள் அலைய நேரவில்லை. சித்தப்பாவின் காப்பீட்டு நிறுவனம் குப்பிகளுக்கான தொகையை முழுவதுமாக ஏற்றுக்கொண்டது. கழித்ததெல்லாம் கையுறையும் பஞ்சும் பதிவுக் கட்டணமும்தான்.