கோல்ட் ஏர் இன்டேக்: குட்டைக் குழாயா, நீளக் குழாயா, மூடிய பெட்டியா?

இன்டேக்கை, அதாவது என்ஜினுக்குக் காற்றைக் கொண்டுபோகும் குழாயையும் ஃபில்டரையும், மாற்றப் போகிறேன் என்று யாராவது சொன்னால் நான் ஃபில்டர் என்ன பிராண்ட் என்று கேட்பதில்லை. குழாயின் வாயை எங்கே வைக்கப் போகிறீர்கள் என்றுதான் கேட்பேன். மற்றதெல்லாம் அதற்கு அப்புறம்தான்.

குளிர்ந்த காற்று அடர்த்தியானது, அதனால் சக்தி கூடும் என்பதுதான் கோல்ட் ஏர் இன்டேக்கின் வாதம். முதலில் அந்தக் கணக்கைப் பார்த்துவிடலாம். காற்றின் அடர்த்தி கெல்வின் வெப்பநிலைக்கு (செல்சியஸோடு 273 கூட்டியது) எதிர் விகிதத்தில் மாறும். வெளியே 30 டிகிரி, பானெட்டுக்குள் 60 டிகிரி என்றால் 303-ஐ 333-ஆல் வகுக்க வேண்டும். அடர்த்தி சுமார் 9 சதவீதம் குறைகிறது. அப்படியானால் சக்தியும் 9 சதவீதம் போய்விடுமா? போகாது. உள்ளே வரும் காற்று எப்படி வந்தாலும் சூடான போர்ட் (சிலிண்டருக்குப் போகும் வழி) சுவர்களைத் தொட்டுத்தான் சிலிண்டருக்குள் போகிறது, அதனால் வித்தியாசம் பாதியாகக் கரைந்துவிடும். டைனோ (என்ஜின் சக்தியை அளக்கும் கருவி) அளவுகளைத் திருத்தப் பயன்படும் எஸ்ஏஇ (வாகனப் பொறியாளர் சங்கம்) ஜே1349 சூத்திரமும் வெப்பநிலை விகிதத்தின் வர்க்கமூலத்தைத்தான் எடுத்துக்கொள்கிறது. ஆக, டர்போ (காற்றை அமுக்கி உள்ளே தள்ளும் கருவி) இல்லாத பெட்ரோல் என்ஜினில் 30 டிகிரி வித்தியாசத்துக்கு 5 சதவீதம் வாக்கில் எதிர்பார்க்கலாம், அதுவும் ஆக்சிலரேட்டரை முழுசாக மிதிக்கும்போது மட்டும். பாதி மிதியில் ஓட்டும்போது ஆக்சிலரேட்டருக்கு ஏற்பத் திறந்து மூடும் த்ராட்டில் தட்டுதான் காற்றைத் தடுத்து வைத்திருக்கிறது. குளிர்ந்த காற்று வந்தால் கால் இன்னும் கொஞ்சம் குறைவாக மிதிக்கும், அவ்வளவுதான். இன்டேக் போட்டால் மைலேஜ் ஏறும் என்பதை நான் நம்புவதில்லை.

குட்டைக் குழாய்

ஷார்ட் ராம் என்பது த்ராட்டில் தட்டு இருக்கும் த்ராட்டில் பாடியிலிருந்து ஒரு சிறிய குழாய், அதன் முனையில் திறந்த கூம்பு ஃபில்டர். விலை குறைவு, மாட்டுவது சுலபம், வளைவு ஒன்றோ இரண்டோதான். சத்தம் பிரமாதமாக இருக்கும். சத்தத்துக்காகத்தான் போடுகிறேன் என்று நேராகச் சொல்பவரிடம் எனக்கு எந்தச் சண்டையும் இல்லை.

ஆனால் அது குடிப்பது பானெட்டுக்குள் இருக்கும் சூடான காற்றை. வண்டி வேகமாக ஓடும்வரை பரவாயில்லை, கிரில் வழியாகப் புதுக் காற்று வந்துகொண்டே இருக்கும். சிக்னலில் நின்றால் ரேடியேட்டர் ஃபேன் தள்ளும் சூடு முழுவதும் ஃபில்டரைச் சுற்றி நிற்கும். ஓபிடி ஸ்கேனரை (வண்டியின் சென்சார் அளவுகளைப் படிக்கும் கருவி) செருகி, இன்டேக் காற்றின் வெப்பநிலையிலிருந்து வெளி வெப்பநிலையைக் கழித்துப் பாருங்கள். அந்த ஒரு எண் போதும், எந்த விளம்பரமும் தேவையில்லை. சூட்டைத் தடுக்க ஹீட் ஷீல்டு என்று மூன்று பக்கம் தகடு வைப்பார்கள். அதன் மேல் விளிம்பு ரப்பர் பீடிங்கோடு பானெட்டில் அழுந்தி உட்காராவிட்டால் அது வெறும் அலங்காரம்.

அலுமினியக் குழாயா, பிளாஸ்டிக்கா என்ற வாக்குவாதமும் இங்கேதான் வரும். 1.5 லிட்டர் என்ஜின் 6000 ஆர்பிஎம்மில் நொடிக்கு ஏறக்குறைய 75 லிட்டர் காற்றை இழுக்கும். 70 மி.மீ. குழாயில் அது நொடிக்கு 20 மீட்டர் வேகம், 80 செ.மீ. நீளத்தை 0.04 நொடியில் தாண்டிவிடும். அதற்குள் குழாய் என்ன பெரிதாகச் சூடேற்றிவிடும்? ஐடிலில், அதாவது வண்டி நின்றபடி என்ஜின் ஓடும்போது, கதை வேறு. நொடிக்கு மூன்று, நான்கு லிட்டர்தான் ஓடும், காற்று குழாய்க்குள் ஒரு நொடி அளவுக்குத் தங்கும், காற்றின் வெப்பநிலையை அளக்கும் சென்சாரும் சூடேறி உட்கார்ந்திருக்கும். பச்சை விழுந்து மிதித்த முதல் சில நொடிகள் இசியு (என்ஜினை இயக்கும் கணினி) இக்னிஷன் டைமிங்கை, அதாவது தீப்பொறி விடும் நேரத்தை, பின்னுக்கு இழுத்தே வைத்திருக்கும். பிளாஸ்டிக் குழாய்க்கு என் ஓட்டு விழுவது அந்தச் சில நொடிகளுக்காகத்தான். குழாய் மேல் சுற்றும் பளபளப்பான டேப்பை நம்பிப் பணம் போட வேண்டாம்.

நீளக் குழாய்

ஃபில்டரை பம்பருக்குள்ளோ ஃபெண்டருக்குள்ளோ இறக்கிவிடுவது. காற்று வெளி வெப்பநிலைக்குப் பக்கத்திலேயே வரும், போக்குவரத்து நெரிசலிலும்கூட. வெப்பத்தை மட்டும் பார்த்தால் மூன்றில் இதுதான் முதலிடம். கூடுதல் வளைவுகளில் கொஞ்சம் அழுத்தம் போகும். நீளத்தால் நடு ஆர்பிஎம்மில் டார்க் (சுழற்றும் விசை) சற்று ஏறலாம், அது என்ஜினுக்கு என்ஜின் மாறும்.

பிரச்சினை தண்ணீர். மழைத் தெறிப்பு ஃபில்டரை நனைத்தால் என்ஜின் சாகாது. ஃபில்டர் முழுவதும் தேங்கிய தண்ணீருக்குள் முங்கினால்தான் ஆபத்து: காற்றுக்கு வழியில்லாததால் என்ஜின் தண்ணீரையே உறிஞ்சி மேலேற்றும். தண்ணீரை அமுக்க முடியாது, பிஸ்டன் மேலே வரும்போது கனெக்டிங் ராடு வளையும். ஒரே ஒரு பள்ளம் போதும். உறிஞ்சல் அதிகமானால் வழியில் திறந்துகொள்ளும் பைபாஸ் வால்வு சந்தையில் உண்டு; அது ஃபில்டருக்கு மேலே, தண்ணீர் எட்டாத உயரத்தில் இருந்தால் மட்டுமே பயன். இது போக, ஃபில்டரைச் சுத்தம் செய்ய ஒவ்வொரு முறையும் வீல் ஆர்ச் லைனரைக் கழற்ற வேண்டும். கழற்ற சோம்பல்பட்டு அப்படியே விட்டுவிடுவதுதான் நடைமுறை. காய்ந்த டிராக்கில் மட்டும் ஓடும் வண்டிக்கு இதைத் தாராளமாகச் சொல்வேன், தினசரி வண்டிக்கு மாட்டேன்.

மூடிய பெட்டி

பலர் கழற்றி மூலையில் போடும் கம்பெனி ஏர் பாக்ஸை ஒருமுறை திருப்பிப் பாருங்கள். காற்று உள்ளே நுழையும் அதன் மூக்கு பெரும்பாலும் ரேடியேட்டருக்கு மேலேயோ ஃபெண்டர் பக்கமோ நீண்டிருக்கும். அதாவது, வண்டியில் கோல்ட் ஏர் இன்டேக் ஏற்கெனவே இருக்கிறது! அடியில் தண்ணீர் வடிய ஒரு சின்ன ஓட்டைகூட இருக்கும். பக்கத்தில் தொங்கும் காலி டப்பா ரெசனேட்டர், சத்தத்தை அடக்குவதற்கானது. அதை எடுத்தால் உறுமல் கூடும், சக்தி கூடும் என்று எண்ண வேண்டாம்.

அதில் எங்கே அடைக்கிறது என்று அளந்துவிடலாம். ஒரு ஒளி ஊடுருவும் ட்யூபை யு வடிவில் பலகையில் கட்டி, பாதி தண்ணீர் ஊற்றி, ஒரு முனையை ஃபில்டருக்குப் பின்னால் குழாயில் இணைத்து, மறுமுனையைத் திறந்து விடுங்கள். மூடிய டிராக்கில் ஒருவர் முழு மிதியில் ஓட்ட, பக்கத்தில் இருப்பவர் இரண்டு மட்டங்களின் வித்தியாசத்தைப் படிக்க வேண்டும். 10 செ.மீ. என்றால் ஏறக்குறைய 1 கிலோபாஸ்கல், வளிமண்டல அழுத்தத்தில் 1 சதவீதம். ட்யூபின் கால்கள் நீளமாக இருக்கட்டும், இல்லையென்றால் அந்தத் தண்ணீரையும் என்ஜின் குடித்துவிடும். அடுத்து ஃபில்டருக்கு முன்னால் அளந்து பாருங்கள். அங்கேயே பெரும்பகுதி இழப்பு தெரிந்தால் குற்றவாளி மூக்கு, ஃபில்டரை மாற்றி ஒன்றும் ஆகாது.

மூக்கைச் சரிசெய்வதில்தான் எனக்குப் பிடித்த வேலை இருக்கிறது. பெட்டிக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் மொட்டைக் குழாய் முனையின் நுழைவு இழப்புக் குணகம் (காற்று நுழையும்போது எவ்வளவு அழுத்தம் வீணாகிறது என்பதன் அளவு) 0.78 அளவு, சுவரோடு சமமாக இருக்கும் கூர்விளிம்பு 0.5, எக்காளம் போல் விரிந்த வாய் 0.04. அதே 1.5 லிட்டர் என்ஜினுக்கு 60 மி.மீ. மூக்கு வைத்தால், 6000 ஆர்பிஎம்மில் மொட்டை முனையை விரிந்த வாயாக மாற்றுவது சுமார் 300 பாஸ்கல் மிச்சம் பிடிக்கும். பானெட்டில் ஓட்டை போட்டு, எதிர்க்காற்றைப் பிடிக்க வைக்கும் ஸ்கூப், மணிக்கு 100 கி.மீ. வேகத்தில் எதுவும் வீணாகாமல் இருந்தால் தருவது 450 பாஸ்கல்தான். யார் கண்ணுக்கும் படாத ஒரு விளிம்பு, அத்தனை ஆடம்பரத்தில் மூன்றில் இரண்டு பங்கு வேலையைச் செய்கிறது.

ஆக என் தேர்வு இதுதான்: பெட்டியை வைத்துக்கொள்ளுங்கள், மூக்கை அகலப்படுத்துங்கள், வாயின் விளிம்பை எக்காளம் போல் விரியுங்கள், பெட்டிக்குள் நல்ல பேப்பர் ஃபில்டர் போடுங்கள். டர்போ வண்டியில் வெப்பத்தைப் பெரும்பாலும் இன்டர்கூலர் (டர்போ அமுக்கிய காற்றைக் குளிர்விப்பது) பார்த்துக்கொள்ளும், அங்கே அடைப்பைக் குறைப்பதே முக்கியம். அதற்கும் இந்த வழி பொருந்தும்.

எதைப் போட்டாலும் எம்ஏஎஃப் சென்சார் (உள்ளே போகும் காற்றின் அளவை அளப்பது) உட்காரும் குழாயின் விட்டத்தை மாற்றாதீர்கள். 70 மி.மீ. இருந்த இடத்தில் 80 மி.மீ. வைத்தால் அதே காற்று 23 சதவீதம் மெதுவாக ஓடும், சென்சார் குறைத்துச் சொல்லும், இசியு பெட்ரோலைக் குறைக்கும். சாதாரண ஓட்டத்தில் ஆக்ஸிஜன் சென்சார் அதைத் திருத்திவிடும். முழு மிதியில் பல வண்டிகளில் அந்தத் திருத்தம் முழுசாக வேலை செய்யாது. எண்ணெய் பூசிய ஃபில்டரில் எண்ணெய் அதிகமானால் சென்சாரின் சூடான கம்பியிலும் படியும். கிராங்க்கேஸிலிருந்து (என்ஜினின் அடிப்பகுதிக் கூடு) வரும் ப்ரீதர் ஹோஸ், அதாவது காற்றுக் குழாய், சென்சாருக்குப் பின்னால்தான் சேர வேண்டும். புதுக் குழாயில் அதற்கு வாய் இல்லையென்றால், அந்தக் குழாயை வாங்க வேண்டாம்.